கலைஞர் டிவியும் அம்மா லேப்டாப்பும் நடுவுல ஒரு மஞ்ச ஒயரும்

"இது அம்மா லேப்டாப்தான சார்? இத எதுக்கு தூக்கினு வந்துகீற? காயலான் கடையில போட்டுட்டு புச்சு எட்த்துக்க சார். இஎம்ஐ கீது."

வேலூர்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில இந்த உபதேசம் கிடைச்சுது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: 2.5 இன்ச் எஸ்எஸ்டி என்ன விலை? அதுக்குப் பதில் வரல. மூடியில இருக்கிற கோபுர முத்திரையப் பார்த்தாங்க, ஒரு சிரிப்பு சிரிச்சாங்க, அவ்ளோதான்.

எனக்கு வந்ததே கோவம்!

(கோவத்துல நான் பெருசா ஒண்ணும் பண்ண மாட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவர் எடுப்பேன்.)

இந்த லேப்டாப் எங்க தங்கச்சியோடது. ப்ளஸ் டூ படிக்கும்போது ஸ்கூல்ல குடுத்தது. அத வெச்சே காலேஜ் முடிச்சா, அத வெச்சே வேலைக்கு அப்ளிகேஷன் போட்டா, கல்யாணம் ஆகி குடியாத்தம் போகும்போது "நீயே வெச்சுக்கண்ணா"ன்னு குடுத்துட்டுப் போயிட்டா. அது பரண்மேல கிடந்துச்சு. பக்கத்துலயே இன்னொரு ஆள் கிடந்தாரு: 14 இன்ச் கலர் டிவி. கலைஞர் டிவி. (சேனல் இல்லீங்க, பெட்டி.)

அப்பதான் புத்தியில தோணிச்சு. இந்த ரெண்டையும் ஏன் சேர்த்து வெக்கக் கூடாது?

சின்னப் பசங்களுக்கு இந்தக் கதை தெரியாம இருக்கலாம், அதனால கொஞ்சம் சொல்லிடறேன். 2006 எலெக்‌ஷன்ல வீட்டுக்கு வீடு கலர் டிவின்னு திமுக சொல்லுச்சு. ஜெயிச்சதும் அதே வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு குடுக்க ஆரம்பிச்சாங்க. தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல பெட்டி. அஞ்சு வருஷம் கழிச்சு ஆட்சி மாறுச்சு. 2011, அதே செப்டம்பர் 15, அதே அண்ணா பிறந்தநாள். ஜெயலலிதா திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல இலவச லேப்டாப் திட்டத்த ஆரம்பிச்சு வெச்சாங்க. வாங்கற பொறுப்பு எல்காட்டுக்கு. அஞ்சு வருஷத்துல 68 லட்சம் குடுக்கறதா திட்டம். (நடுவுல கலைஞர் டிவி சேனலே 2007 செப்டம்பர் 15லதான் ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டுல ஸ்க்ரீன் சம்பந்தப்பட்ட எல்லா நல்ல காரியத்துக்கும் அந்த ஒரு தேதிதான் போல.)

ஆக, எங்க பரண்மேல ரெண்டு கட்சியும் பல வருஷமா பக்கத்துல பக்கத்துல படுத்திருந்துச்சு. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல லேப்டாப். ஆன் பண்ணா, நான் போய் பல்லு தேய்ச்சிட்டு வர வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். அப்புறம் மவுஸ் நகரும். அப்புறம் நின்னுடும். ஜனங்க இதுக்குத்தான் "லேப்டாப்பு பழசாயிடுச்சு"ன்னு சொல்றாங்க. அது பழசாகல சார். உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்குல ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துது, அதுமேல ஒரு சின்ன முள்ளு அங்கயும் இங்கயும் ஓடி ஓடி எழுத்துப் பொறுக்குது. இஷ்டத்துக்கு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கேட்டா செகண்டுக்கு நூறு வாட்டி தேடிக் குடுத்தாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்குல குடுக்கும், ஏன்னா ஓட வேண்டிய முள்ளே அதுல கிடையாது.

அதனால பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற யார் கேட்டாலும் நான் சொல்ற முதல் வார்த்தை எஸ்எஸ்டி. ரேம் ரெண்டாவது. புது லேப்டாப்பு பத்தாவது.

வாங்கறதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். விரிஞ்சிபுரத்துக்காரனுக்கு ஒரு சௌகரியம் இருக்கு. சென்னை கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், பெங்களூரு 200 கிலோமீட்டர். இந்தப் பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட், அந்தப் பக்கம் எஸ்.பி. ரோடு. ரெண்டுக்கும் காட்பாடியில ரயில் ஏறினா காலையில போய் ராத்திரி திரும்பிடலாம். நான் எப்பவும் ரிச்சிதான். பேரம் பேசறதுக்கு கன்னடம் பத்தல எனக்கு.

ரிச்சியில எஸ்எஸ்டிய மட்டும் சீல் உடைக்காத பெட்டியில, பில்லோட வாங்குங்க. பென் டிரைவ், மெமரி கார்டு வாங்கினா வீட்டுக்கு வந்ததும் முழுசா ரொப்பிப் பார்க்கணும். 64 ஜிபின்னு எழுதியிருக்கும், உள்ள 8 ஜிபிதான் இருக்கும், மிச்சத்துக்கு சும்மா "ஆமா சாமி, எழுதிட்டேன்"னு தலையாட்டும். இதக் கண்டுபிடிக்கவே எஃப்3ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ. எந்த கார்டு வாங்கினாலும் முதல்ல அதுக்குப் பரீட்சை, அப்புறம்தான் போட்டோ.

ரேம் கதை வேற. இப்ப ரேம் வாங்கற காலமே இல்ல. ஏஐ கம்பெனிங்க டேட்டா சென்டருக்குன்னு மெமரிய மொத்தமா வாரிக்கிட்டுப் போறாங்க, 2025 கடைசியிலேர்ந்து விலை கன்னாபின்னான்னு ஏறுது. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல, நம்மள மாதிரி ஆளுங்க வாங்கற 'குரூஷியல்' பிராண்டையே இழுத்து மூடறதா அறிவிச்சிட்டாங்க. எங்கயோ ஒருத்தன் சாட்பாட்டுகிட்ட கவிதை கேக்கறான், அதுக்கு விரிஞ்சிபுரத்துல நான் காசு குடுக்கறேன்.

நல்லவேளை, என் லேப்டாப்புக்கு வேண்டியது டிடிஆர்3எல். பழைய சாமான் பெட்டியில கடைக்காரர் கைய விட்டு ஒண்ணு எடுத்தார். இதுல ஒரு சின்ன விஷயம்: வெறும் டிடிஆர்3 1.5 வோல்ட், 'எல்' போட்டது 1.35 வோல்ட். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். சில லேப்டாப் 'எல்' இல்லாததப் போட்டா ஆன் ஆகாது. ஸ்டிக்கர்ல பிசி3எல்-ன்னு 'எல்' இருக்கான்னு பார்த்து வாங்கணும்.

விண்டோஸ் போடல. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. 11 இந்த லேப்டாப்பப் பார்த்தா வாசல்லயே செருப்ப விடச் சொல்லாது, திருப்பியே அனுப்பிடும். அதனால லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ. லினக்ஸ்னா பயப்படாதீங்க. இந்த லேப்டாப்புல முதல்லயே பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, சென்னை சி-டாக் பண்ணது. அத ஒரு தடவையாவது திறந்து பார்த்த ஸ்டூடண்ட் யாராவது இருந்தா கை தூக்குங்க. (தங்கச்சி தூக்கல.) அதுக்கும் முன்னாடி, 2007 வாக்குல சி.உமாசங்கர் எம்.டி.யா இருந்தப்பவே எல்காட் ஆபீஸ் லினக்ஸுக்கு மாறிடுச்சு. அரசாங்கமே நமக்கு முன்னாடி போயிருச்சுங்க, நாமதான் லேட்டு.

இப்ப பட்டனை அழுத்தினா பல்லு தேய்க்கப் போக நேரமில்ல. பிரஷ்ல பேஸ்ட் வெக்கறதுக்குள்ள ரெடி.

ஆனா பத்து நிமிஷம் யூடியூப் ஓடினா ஃபேன் 'ஙொய்ய்ய்'ன்னு கத்தி, எல்லாம் திக்க ஆரம்பிச்சுது. இங்க ரெண்டு வியாதி கலந்து கிடந்துச்சு.

ஒண்ணு சூடு. வேலூர் வெயிலப் பத்தி நான் சொல்லணுமா? மே மாசம் 40 டிகிரி எங்களுக்கு சாதாரண நாள். லேப்டாப் கம்பெனி டெஸ்ட் பண்ற ரூம்ல 25 டிகிரி ஏசி. உள்ள சிப்பு அதவிட ஒரு 50 ஏறும்னு வெச்சுக்கங்க, அங்க 75, சந்தோஷமா ஓடும். எங்க வீட்டு ஓட்டுக் கூரைக்குக் கீழ 40லேர்ந்து அதே 50 ஏறினா 90. அப்ப ப்ராசஸர் தன்னக் காப்பாத்திக்க தானே வேகத்தக் குறைச்சுக்கும். நாம "ஸ்லோவாயிடுச்சு"ன்னு திட்டுவோம். அது வெயிலுக்கு நிழல்ல ஒதுங்கியிருக்கு, அவ்ளோதான்.

கழட்டினேன். ஃபேனுக்கும் அந்த செம்பு சீப்புக்கும் நடுவுல ஒரு தலகாணி தைக்கற அளவுக்குப் பஞ்சு. ப்ராசஸர் மேல தடவின பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பாயிருந்துச்சு. அத தொடச்சிட்டு புது தெர்மல் பேஸ்ட், ஒரு அரிசி அளவு. (வீடியோவுல ஃபுல்லா அப்பறாங்க. வேண்டாம். அது சிப்புக்கும் செம்புக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்த ரொப்பறதுக்கு மட்டும்தான்.)

அடியில காத்து போகணும்ல? கூலிங் பேட் வாங்கலாம். ஆனா நம்ம ஊர்ல எதுக்கு? ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல ஃப்ரெண்ட் ஒருத்தன் வேலை செய்யறான். "மச்சி, சோல் ஷீட்டு துண்டு எதுனா இருந்தா எட்டுனு வா"ன்னேன். ஒரு கவர் நிறைய இவிஏ ஷீட்டும் இன்சோல் போர்டும் கொண்டாந்தான். நாலஞ்சு துண்டு ஒட்டி பின்பக்கம் கால் வெச்சேன், முக்கால் இன்ச் தூக்கிக் குடுத்துச்சு. வழுக்காது, லேப்டாப் சூட்டுக்கு உருகாது, காசு கிடையாது. ஜெர்மன்காரன் காலுக்குப் போக வேண்டியது, என் லேப்டாப்புக்குக் கீழ இருக்கு.

ரெண்டாவது வியாதி யூடியூப். இது நிறைய பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். யூடியூப் இப்ப வீடியோவ விபி9, ஏவி1ன்னு புது மாதிரியில சுருக்கி அனுப்புது. புது சிப்புல அத விரிக்கறதுக்குத் தனியா ஒரு பகுதி இருக்கு. என்னோடதுல அது கிடையாது. இதுக்குத் தெரிஞ்சது பழைய எச்.264 மட்டும்தான். அப்ப புதுசு வந்தா, விரிக்கற வேலை முழுக்க ப்ராசஸர் தலையில விழும். பாவம், அது ஏற்கெனவே வெயில்ல நிக்குது.

இதுக்கு பிரவுசர்ல 'எச்264ஐஃபை'ன்னு ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன். "எங்க வீட்ல பழைய ஐட்டம்தான் சாப்பிடுவாங்க"ன்னு யூடியூப் கிட்ட சொல்லிடும். அப்புறம் அது எச்.264லயே அனுப்பும். ஃபேன் அமைதியாயிடுச்சு. பைசா செலவில்ல. இத ஏன் யாரும் கடையில சொல்றதில்லன்னா, சொன்னா இஎம்ஐ எப்படி ஓடும்?

இப்ப டிவி.

பரண்லேர்ந்து இறக்கறதுக்கே ரெண்டு ஆள். 14 இன்ச்னு பேருதான், முழுக்க கண்ணாடி, செம வெயிட்டு. தொடச்சு, ஸ்விட்ச் போட்டா 'டொய்ங்'ன்னு ஒரு சத்தம், தலைமுடிய இழுக்கற மாதிரி ஒரு கரண்ட்டு ஃபீலிங், அப்புறம் புள்ளி புள்ளியா கொசு. ஆயா உள்ள இருந்து கத்துச்சு: "டேய், கலைஞர் டிவி எரியுதாடா?"

எரியுது ஆயா.

(இத பின்பக்கம் திறந்து சுத்தம் பண்ணலாம்னு ஆசைப்படாதீங்க. பிக்சர் டியூபுக்குப் போற அந்த சிவப்புத் தொப்பிக்கு கிட்டத்தட்ட 20 ஆயிரம் வோல்ட் போகும், ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் உள்ள தங்கியிருக்கலாம். லேப்டாப்புல நான் புலி. டிவி பின்னாடி நான் எலி.)

லேப்டாப்புல எச்டிஎம்ஐ. டிவியில மஞ்ச, வெள்ளைன்னு ரெண்டு ஓட்டை. நடுவுல எச்டிஎம்ஐ டு ஏவி கன்வர்ட்டர்னு ஒரு தீப்பெட்டி. சல்லிசு விலைதான். வாங்கும்போது ஒண்ணு பாருங்க: 'எச்டிஎம்ஐ டு ஏவி' வேற, 'ஏவி டு எச்டிஎம்ஐ' வேற. பெட்டி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரருக்கே தெரியாது. பக்கவாட்டுல பால், என்டிஎஸ்சின்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நம்ம ஊர் டிவிக்கு பால். தப்பா இருந்தா படம் கருப்பு வெள்ளையில வரும், இல்ல மேல உருண்டுக்கிட்டே போகும்.

போட்டேன். வந்துச்சு! ஆனா கவுண்டமணி முகம் புடலங்காயா நீண்டிருந்துச்சு. ஏன்னா லேப்டாப் 16க்கு 9ன்னு அகலமா அனுப்புது, அந்தத் தீப்பெட்டி அத அப்படியே 4க்கு 3 டிவிக்குள்ள நெருக்கித் திணிக்குது. டிஸ்ப்ளே செட்டிங்க்ஸ்ல 1024க்கு 768ன்னு மாத்தினதும் கவுண்டமணி பழைய கவுண்டமணியா ஆயிட்டாரு. இன்னொண்ணு, பழைய டிவி படத்தோட நாலு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் முழுங்கிடும். அப்ப அதான் வழக்கம், ஓரத்துல இருக்கிற கோளாறு தெரியக் கூடாதுன்னு. கம்ப்யூட்டருக்கு அது ஆகாது, கீழ இருக்கிற மெனு பட்டையே காணாமப் போயிடும். அதனால பட்டைய மேல இழுத்து, எழுத்த ரொம்பப் பெருசாக்கி வெச்சேன். சின்ன எழுத்து இந்த டிவியில படிக்கவே முடியாது. இதுல எக்ஸெல் போடணும்னு நினைக்கறவங்க இப்பவே எழுந்து போயிடலாம்.

ஆனா படம்? ஆஹா.

இதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தேன். இந்த டிவியால காட்ட முடிஞ்சது மொத்தம் 576 கோடு. 1080ல வீடியோ அனுப்பினாலும் தீப்பெட்டி அத நசுக்கி 576தான் குடுக்கும். அப்ப 480ல பார்த்தாலே தாராளம். 480 எச்.264ன்னா என் கிழட்டு ப்ராசஸருக்கு அல்வா. டேட்டாவும் மிச்சம். புது டிவிகிட்ட போய் நின்னா திணறற லேப்டாப்பு, பழைய டிவிகிட்ட ராஜா. பழைய வீசிடி எல்லாம் 352க்கு 288 புள்ளிதான், 43 இன்ச் டிவியில போட்டா கட்டம் கட்டமா கொடுமையா இருக்கும். இந்தப் பெட்டியில போட்டா பிசிறு எல்லாம் கலந்து வழவழன்னு வருது. ஜோசியர் பார்த்திருந்தா பத்துக்குப் பத்து பொருத்தம்னு எழுதிக் குடுத்திருப்பாரு. ரெண்டு கட்சிக்காரங்களும் மன்னிக்கணும்.

சித்தப்பா கல்யாண வீசிடியப் போட்டோம். வீடே கூடிருச்சு. அதுல சாப்பாட்டு பந்திய முக்கால் மணி நேரம் எடுத்திருக்காங்க, ஒவ்வொரு இலையா. "அந்தாண்ட பாரு, அது யாரு, அது நம்ம வடுகந்தாங்கல் பெரிம்மால்ல"ன்னு ஆயா ஒவ்வொரு ஆளா பேர் சொல்லுச்சு. சினிமாவுக்குக் கூட இவ்ளோ கூட்டம் வரல.

அப்புறம் துப்பாக்கி. பழைய டிவி கேம் ஞாபகம் இருக்கா? மஞ்ச கேசட்டு, '9999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ள ஏழு கேம்தான். எங்க ஊர் கடை ஞாயிறு திருவிழாவுல வாங்கினது. அதோட ஒரு துப்பாக்கி, வாத்து சுடறதுக்கு. அது புது எல்இடி டிவியில வேலையே செய்யாது தெரியுமா? எத்தனை பேரு ரிப்பேர்னு நினைச்சுத் தூக்கிப் போட்டிருப்பீங்க! துப்பாக்கியிலேர்ந்து ஒண்ணும் வெளிய வராது. அதுக்கு ஒரு கண்ணு, அவ்ளோதான். விசைய அழுத்தினதும் ஸ்க்ரீன் ஒரு கண்ணிமைப்புக்கு முழு கருப்பாகும், அடுத்த நொடிப் பொழுதுல வாத்து இருக்கற இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். அந்த வெளிச்சத்த துப்பாக்கி பார்த்துச்சுன்னா வாத்து காலி. பழைய டிவியில அந்த வெள்ளை சொன்ன நேரத்துக்கு டாண்ணு வரும். புது டிவி படத்த உள்ள வாங்கி, மெருகேத்தி, கொஞ்சம் லேட்டா காட்டும். அதுக்குள்ள வாத்து பறந்துருச்சு. இந்த வாத்து கேம் 1984ல நின்டென்டோ பண்ணது. நம்ம ஊருக்கு வந்தது அதோட சீனா சித்தப்பா பையன்.

அக்கா பையன் அஞ்சாங்கிளாஸ். போன்ல ஃப்ரீ ஃபயர் ஆடறவன். வாத்தச் சுட்டுட்டு "மாமா, கிராபிக்ஸ் கேவலமா இருக்கு"ன்னான். சொல்லிட்டு எழுந்து போகல, அத கவனிக்கணும்.

இனிமே சவுண்டு. இதுலதான் என் உயிரே போச்சு.

எங்ககிட்ட ஒரு அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர் இருக்கு. பள்ளிகொண்டா பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் போட்டுக் குடுத்தது, 4440 ஐசி. தமிழ்நாட்டு கிராமத்துல 4440 ஐசி பேர் தெரியாத ரேடியோ மெக்கானிக் கிடையாது. சான்யோ பண்ணது. புத்தகப்படி பக்கத்துக்கு 6 வாட்ஸ், ரெண்டையும் சேர்த்து முறுக்கினா 19. என் பெட்டி முன்னாடி ஒட்டியிருக்கறது '1000 வாட்ஸ் பிஎம்பிஓ'. (பிஎம்பிஓன்னா என்னன்னு ஒரு ஆளும் எனக்குச் சரியா சொன்னதில்ல. மாப்பிள்ளை வீட்ல சொல்ற சம்பளம்னு வெச்சுக்கங்க.) ஸ்பீக்கர் பெட்டி ப்ளைவுட்ல ஆசாரி பண்ணது. அதுக்கும் முன்னாடி எங்க அப்பா காலத்துல மண்பானை மேல ஸ்பீக்கரக் கவுத்து வெச்சு பாட்டு கேப்பாங்க, பேஸ் கும்முனு வரும். பானைய இன்னும் வெச்சிருக்கோம். இப்ப அதுல புளி.

ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் நடுவுல காத்துக் கசிஞ்சு 'பர்ர்'ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அதே ஆம்பூர் இவிஏ ஷீட்ட வட்டமா வெட்டி வாஷரா போட்டேன், நின்னுடுச்சு. ஆனா இன்னொரு சத்தம் நிக்கவே இல்ல.

'ஹ்ம்ம்ம்ம்ம்.'

பாட்டு ஓடாதப்பவும். வால்யூமக் குறைச்சாலும். ஒயர மாத்தினேன், ஹ்ம்ம். கன்வர்ட்டர மாத்தினேன், ஹ்ம்ம். ஆம்ப்ளிஃபயர மெக்கானிக் அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். "கெபாசிட்டர் நல்லாதாம்பா கீது, இங்க ஓட்னா ஹம்மே இல்ல பாரு"ன்னாரு. அங்க இல்ல. வீட்டுக்கு வந்தா ஹ்ம்ம்ம்ம்.

ஒரு நாள் கரண்ட் போச்சு... இல்ல, அப்படி சினிமா மாதிரி நடக்கல. லேப்டாப் சார்ஜரப் பிடுங்கினேன், சத்தம் டக்குனு நின்னுச்சு. சொருகினேன், ஹ்ம்ம். பிடுங்கினேன், அமைதி. ஆக குத்தவாளி சார்ஜர்? சார்ஜருக்கும் குத்தம் இல்ல. லேப்டாப் மேல இருக்கற இரும்பு ஸ்க்ரூவத் தொட்டா லேசா 'சுர்ர்'ங்கும்ல, எல்லாரும் அனுபவிச்சிருப்பீங்க. அதான் துப்பு. டெஸ்டர் வெச்சா மங்கலா எரிஞ்சுது.

விஷயம் இதுதான். மூணு பின் சார்ஜர்ல மேல இருக்கற பெரிய பின் எர்த்துக்கு. உள்ள சார்ஜர்ல இரைச்சலை வடிகட்டற ரெண்டு சின்ன கெபாசிட்டர், அந்த எர்த்து வழியா கசிவக் கீழ அனுப்பிடும். எங்க வீட்டுச் சுவத்துல மூணு ஓட்டை அழகா இருக்கு. சாக்கெட்டக் கழட்டிப் பார்த்தா, அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே கிடையாது! சும்மா ஓட்டை. அப்ப அந்தக் கசிவு எங்க போகும்? 230 வோல்ட்டுல பாதி, 115 வோல்ட் வாக்குல, லேப்டாப் உடம்பு மேல உக்காந்துக்கும். கரண்ட்டு ரொம்ப ரொம்பக் கம்மி, அதனால ஆள அடிக்காது, 'சுர்ர்'ரோட சரி. ஆனா அது ஆடியோ ஒயர் வழியா ஆம்ப்ளிஃபயருக்குள்ள போய் 'ஹ்ம்ம்' பாடும்.

நீங்களும் உங்க வீட்ல ஒரு சாக்கெட்டக் கழட்டிப் பாருங்க. (மெயின ஆஃப் பண்ணிட்டு! எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டா இன்னும் நல்லது.) நம்ம பக்கம் பழைய வீட்ல பாதிக்குப் பாதி இதே கதையா இருக்கும்னுதான் நான் நினைக்கறேன். இதுல ஐம்பதாயிரம் ரூபா டிவிய மாட்டி, வாரண்டிய பத்திரமா பீரோவுல பூட்டி வெக்கறோம்.

எலெக்ட்ரீஷியன் வந்தாரு. கொல்லையில பள்ளம் தோண்டி, ஜிஐ பைப்ப இறக்கி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்குன்னு ரொப்பி, அங்கிருந்து எல்லா சாக்கெட்டுக்கும் பச்சை ஒயர். "கோடைக்கு வாரம் ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்துபா, பூமி காஞ்சா எர்த்து வேலை செய்யாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பாலாத்துக்குப் பக்கத்துலதான் இருக்கோம், ஆனா கோடையில அதுல ஏது தண்ணி, மணல்தான் தகதகன்னு காயுது. அதனால இப்ப துளசிக்கு ஒரு சொம்பு, எர்த்துக் குழிக்கு ஒரு பக்கெட்டு. ஆயா இதுக்கும் கொஞ்ச நாள்ல குங்குமம் வெச்சிடும்னு பயமா இருக்கு.

ஹம்மு போச்சு. சுத்தமா. 'சுர்ர்'ரும் போச்சு.

மொத்த செலவுல எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் போனத விட இந்தக் குழிக்குப் போனதுதான் அதிகம். ஆனா வாங்கினதுலயே உருப்படியானது அதுதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். ஃப்ரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான அது? எந்த ஷோரூம்லயாவது டிவி வாங்கும்போது "வீட்ல எர்த்து இருக்கா சார்"னு உங்களக் கேட்டிருக்காங்களா? "ஓஎல்இடியா, க்யூஎல்இடியா"ன்னுதான் கேப்பாங்க.

அந்த வேலூர் கடைக்காரர் சொன்ன காயலான் கடைய மறந்துட்டேன் பாருங்க. இந்த டிவிய அங்க போட்டா என்ன ஆகும்? பின்பக்கம் கழுத்துல சுத்தியிருக்கற செம்புக்காக உடைப்பாங்க. செம்பு போயிடும். மிச்சம் கண்ணாடி. அதோட புனல் பாகத்துல ஈயம் கலந்திருக்கு, எக்ஸ்ரே வெளிய வராம இருக்க. அந்தக் கண்ணாடி எங்கயாவது ஏரிக்கரையில கிடக்கும். எங்க பக்கத்துக்கு இது புது விஷயம் இல்ல. தோல் கழிவு பாலாத்துல கலந்ததுக்கு வேலூர்க்காரங்க போட்ட கேஸ்லதான் சுப்ரீம் கோர்ட்டு 1996ல பெரிய தீர்ப்பே குடுத்துச்சு, சட்டக் கல்லூரியில இன்னிக்கும் அதத்தான் படிக்கறாங்க. அந்தத் தோல் கழிவு குரோமியமே போதும்பா எங்களுக்கு. ஈயம் வேற வேண்டாம். பெட்டி ஓடற வரைக்கும் ஓடட்டும்.

அதுக்காக எல்லாத்தையும் பரண்லேர்ந்து இறக்குங்கன்னு சொல்லல. புதுசும் நல்லாத்தான் இருக்கு. 2025-26 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் பசங்களுக்கு லேப்டாப் இல்லன்னா டேப்லெட்னு அறிவிச்சாங்க. அக்கா பையன் காலேஜ் போறதுக்குள்ள ஏதாவது ஒரு ஆட்சியில அவனுக்கும் ஒண்ணு வரும். வந்தா அதோட மூடிய முதல்ல திறக்கப் போறது நான்தான், இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். பழசுலயும் எங்க ஊர விஞ்ச முடியாது. மார்க்கபந்தீஸ்வரர் கோயில்ல நேரம் காட்டற கல்லு ஒண்ணு இருக்கு, பள்ளத்துல ஒரு குச்சிய வெச்சா நிழல் எந்தக் கோட்டுல விழுதோ அதான் மணி. சார்ஜர் கிடையாது, அப்டேட் கிடையாது, எங்க வெயில் இருக்கற வரைக்கும் வாரண்டி. ஊருக்கு வந்தா கோயில் மதிலோட சேர்த்து அதையும் பாருங்க.

இப்போதைக்கு ஒரே ஒரு குறை. அந்த டிவியோட ரிமோட் இல்ல. முன்பக்கம் ஏவி பட்டனும் கிடையாது. சேனல் நம்பர ஒண்ணுக்குக் கீழ இறக்கினாத்தான் ஏவி வருது, அதுக்கு ஒவ்வொரு வாட்டியும் எழுந்து போய் அமுக்கணும். சீனா யுனிவர்சல் ரிமோட்டு ரெண்டு மூணு வாங்கிப் பார்த்தேன். ஒண்ணு வால்யூம மட்டும் ஏத்துது, குறைக்க மாட்டேங்குது. இன்னொண்ணு எங்க டிவிய விட்டுட்டு பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ ஆஃப் பண்ணுது. (அவங்களுக்கு இன்னும் தெரியாது. சீரியல் நேரத்துல மட்டும் நான் அமுக்கறதில்ல.)

யார் வீட்டு அலமாரியிலயாவது அந்தக் காலத்து கலைஞர் டிவி ரிமோட் சும்மா கிடந்தா சொல்லுங்க. ஆம்பூர் வரைக்கும் நானே வந்து வாங்கிக்கறேன். பிரியாணி உங்க செலவு.